ஒரே உலையில் இரண்டு மருந்து

அம்மிணி,

நீ கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. "அப்படின்னா அன்னிக்குத் தப்பு யாருதுங்கப்பா?" என்று கட்டபெட்டு பஸ் நிறுத்தத்தில் கேட்டுவிட்டு, நான் வாய் திறக்கும் முன் பஸ் ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு மூன்று முறை போனில் பேசினாய். மண்டபம், புடவை, சமையல்காரர் என்று எல்லாம் பேசினாய், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பதில் தெரிந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பது என் குணம். ஆனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அது வேறு வாயிலாக உன் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். எழுதி முடித்ததும் உன் அம்மா இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அனுப்புவதற்கு முன் படித்தும் விடுவாள். உன்னைக் கட்டப்போகிறவரிடமும் நீ காட்டுவாய் என்று தெரியும். காட்டு. அவர் ஊட்டியில் வங்கி வேலை பார்ப்பவர், உலோகம் படித்தவரில்லை. அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் இதில் விளக்கி எழுதுகிறேன். உனக்கே பாடம் எடுக்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே.

உனக்கு மேலதிகாரியாக இருக்கும் கனகராஜ் எனக்கு யார் என்பது உன்னைக் கட்டப்போகிறவருக்குத் தெரியாது. கோயமுத்தூரில் பொறியியல் கல்லூரியில் நானும் கனகராஜும் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். ஒரே வருஷம் ஒரே பம்பு வார்ப்பாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் சட்டையை நான் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போயிருக்கிறேன். அந்தப் பெண்தான் உன் அம்மா. நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அந்த ஆலையை விட்டு நான் வெளியே வந்தேன், அவன் உள்ளே இருந்தான். அன்றிலிருந்து நேற்றுவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இதுவரை உனக்குத் தெரியும். என்ன நடந்தது என்பதை மட்டும் நீ என் வாயால் கேட்டதில்லை, ஏனென்றால் அந்தப் பேச்சு எடுத்தாலே நான் எழுந்து போய்விடுவேன்.

சுத்தமான அலுமினியம் ஒரே வெப்பநிலையில் உறையும். தண்ணீர் ஐஸ் ஆவதுபோல. அதில் சிலிக்கன் சேர்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. உருகிய உலோகம் இன்னும் குறைந்த சூட்டிலும் ஓடும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரப்பும். ஆனால் ஒரே சமயத்தில் உறையாது. முதலில் அலுமினியம் மட்டும் தனியாக, பெரணிச் செடி இலை விரிப்பதுபோல, கிளை கிளையாக உறைந்துகொண்டு வரும். அந்தக் கிளைகளுக்கு நடுவே மிச்சத் திரவம் கிடக்கும். கடைசியில் அந்தத் திரவம் உறையும்போதுதான் சிலிக்கன் வெளியே வந்து படியும். அது படிகிற விதம்தான் எல்லாம். சும்மா விட்டால் முரட்டுத் தகடுகளாகப் படியும். வெட்டிப் பார்த்தால் ஊசிகளைக் கொட்டியது மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஊசியும் உள்ளே இருக்கும் ஒரு விரிசல் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே பளபளவென்று இருக்கும் வார்ப்பு, கைதவறிக் கீழே விழுந்தால் இரண்டாகிவிடும்.

இதைச் சரிசெய்யத்தான் மருந்து போடுகிறோம். உலைக்காரர்கள் அதை மருந்து என்றுதான் சொல்வார்கள். அளவும் மருந்து மாதிரிதான், ஒரு பானை உலோகத்துக்கு ஒரு கைப்பிடிக்கும் குறைவு. ஸ்ட்ரான்ஷியம் போட்டால் அந்த முரட்டுத் தகடுகள் வேர் நார்கள்போல மெல்லியதாகிவிடும். ஆன்டிமனி போட்டாலும், இரும்பு அச்சில் ஊற்றிச் சீக்கிரம் ஆற விட்டால், தகடுகள் நெருக்கமாகவும் சன்னமாகவும் வரும். ஸ்ட்ரான்ஷியம் உலையில் நேரம் ஆக ஆக வீரியம் குறையும். ஆன்டிமனி குறையாது. ஒருமுறை போட்டால் அந்த உலோகத்தை எத்தனை முறை திரும்ப உருக்கினாலும் அதிலேயே இருக்கும். இரண்டும் நல்ல மருந்து. ஆனால் இரண்டும் ஒரே பானையில் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வேறொரு பொருளாகிவிடும். அப்போது சிலிக்கனைக் கவனிக்க இரண்டுமே இல்லை. ஊசிகள் பழையபடி வந்துவிடும். இது எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. பரீட்சையில் எழுதி நானும் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், அவனும் வாங்கியிருக்கிறான்.

பம்பு ஆலையில் ஆன்டிமனியைக் கொண்டுவந்தது நான். பம்பின் உடம்பு வார்ப்புகள் எல்லாம் என் பொறுப்பில் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தன. கனகராஜ் எங்கேயோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, இனிமேல் ஸ்ட்ரான்ஷியம்தான் என்றான். முதலாளி அவன் பக்கம் சாய்ந்தார். சாயாமல் என்ன, கனகராஜ் கட்டியிருந்தது அவர் தங்கை மகளை. சரி, அவன் ஷிப்டில் அவன் செய்துகொள்ளட்டும் என்று நானும் விட்டேன். அவன் புது அலுமினியக் கட்டிகளை வரவழைத்தான், என் பழைய உலோகத்தில் ஒரு துண்டுகூடச் சேர்க்காமல் உருக்கினான், ஸ்ட்ரான்ஷியம் போட்டான், வார்த்தான். அந்த வார்ப்புகள் தண்ணீர் அழுத்தச் சோதனையில் வரிசையாக ஒழுகின. சில வெடித்தன. வாங்குபவர்கள் முன்னால், முதலாளி முன்னால் நடந்தது அது. நான் சொன்னேன், ஸ்ட்ரான்ஷியம் இந்த ஊருக்கு ஒத்துவராத சமாசாரம், கனகராஜ் தெரியாமல் செய்துவிட்டான் என்று. அவன் சொன்னான், உருகிய உலோகத்திலிருந்து வாயு போக்கும் வேலையை என் ஆட்கள் சரியாகச் செய்யவில்லை, அதனால்தான் துளை விழுந்தது என்று. முதலாளி என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்ச நாளைக்கு லீவு எடுத்துக்குங்க" என்றார். நான் எடுத்த லீவு இன்னும் முடியவில்லை.

அதன்பிறகுதான் மலைக்கு வந்தோம். தேயிலை ஆலைகளுக்கு இலை வாட்டும் தொட்டியில் ஓடும் பெரிய காற்றாடி தேவை, அதன் நடுக்குடமும் இறக்கைகளும் அலுமினிய வார்ப்பு. அடிக்கடி உடையும். கோயமுத்தூருக்கு அனுப்பிச் செய்துவர நாள் ஆகும். இங்கேயே ஒருவன் செய்து கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்வார்கள்? அந்தக் கணக்கில் கட்டபெட்டில் கொட்டகை போட்டேன். அலுமினியம் உருக்க இதைவிட மோசமான ஊர் கிடையாது. காற்றில் இருக்கும் ஈரத்தை உருகிய அலுமினியம் விடாது. ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்துக் குடித்துவிடும். திரவமாக இருக்கும்வரை அதை உள்ளே வைத்துக்கொள்ளும், உறையும்போது வைத்துக்கொள்ள முடியாது, வெளியே தள்ளும். வழி கிடைக்காத வாயு அங்கேயே துளையாக நின்றுவிடும். இங்கே பகலிலேயே மேகம் கொட்டகைக்குள் நடந்து வருகிறது. கனகராஜ் யாரிடமோ சொன்னானாம், "மேகத்துக்குள்ள போயி அலுமினியம் உருக்கறவனை இப்பத்தான் பார்க்கறேன்" என்று. அதை என்னிடம் வந்து சொல்வதற்கும் ஒருவன் இருந்தான். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் உலை மூட்டியிருக்கிறேன் தெரியுமா? கரியை விட அதுதான் அதிகம் எரிந்தது.

எனக்குக் கோபம் பலர் மேல். முதலாளி மேல் கோபம். கல்லூரியில் என்னை விடக் குறைவாக வாங்கிவிட்டு வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் கோபம். ஆனாலும் அந்தக் கோபங்களுக்கெல்லாம் கனகராஜ்தான் மூலவர், மற்றவர்கள் சுற்றுப் பிரகாரம். நீ உலோகவியல் எடுத்துப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். படித்து முடித்து, அவன் இப்போது தலைமை வகிக்கும் அதே ஆலையில் வேலை கிடைத்தது என்று வந்து நின்றபோது, என்னிடம் நீ கேட்கவில்லை, சொன்னாய். நான் சாப்பிடாமல் எழுந்து போனேன். உன் அம்மா, "ஏனுங்க, அந்த ஊர்ல இருக்கறதே நாலு நல்ல வார்ப்பாலைங்க. அவ எங்க போவா? செவ்வாய் கிரகத்துக்கா?" என்றாள். போன வருஷம் கனகராஜ் குன்னூரில் ஒரு வீடு வாங்கினான், சனி ஞாயிறு வந்து தங்குவதற்கு. மேகத்துக்குள் போனவனைப் பார்த்துச் சிரித்தவன், மேகத்தைப் பார்க்கப் பணம் கொடுத்து வருகிறான். இதை உன் அம்மாவிடம் நான் பலமுறை சொல்லிவிட்டேன். அவள் இப்போதெல்லாம் நான் ஆரம்பித்தாலே ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறாள்.

இப்போது மழைக்காலத்தில் நடந்ததற்கு வருகிறேன். ஆன்டிமனிப் புகை உடம்புக்கு ஆகாது, உங்க இருமலுக்கு அதுதான் காரணம், நிறுத்துங்கள் என்று நீ நச்சரித்தாய். ஒரு சனிக்கிழமை ஸ்ட்ரான்ஷியம் கலந்த கம்பிகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாய். யார் கொடுத்தது என்று கேட்டேன். "சாரு" என்றாய், கனகராஜைத்தான். கம்பியைத் தூக்கி வெளியே போட்டிருப்பேன். உன் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்தேன். "பழைய துண்டு எதுவும் சேர்க்க வேண்டாமுங்கப்பா, புதுக் கட்டி மட்டும் போடுங்க" என்றாய். போட்டேன். உன் கையாலேயே கம்பியைப் போட்டாய். காற்றாடியின் குடம் இரண்டு வார்த்தோம். ஆறியதும் நான் சுத்தியலால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். பீங்கான் மாதிரி ஒடிந்து விழுந்தது.

நான் சிரித்தேன் அம்மிணி. உன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தும் சிரித்தேன். "பார்த்தியா கண்ணு? போயி உங்க சாருகிட்ட சொல்லு. அன்னிக்கு ஒழுகினது என்னால இல்லைன்னு சொல்லு" என்றேன். நீ ஒடிந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாய். அன்று ராத்திரி எனக்கு நன்றாகச் சாப்பாடு இறங்கியது.

அடுத்த வாரம் நீ வந்தபோது அந்தத் துண்டின் படத்தைப் போனில் காட்டினாய். மைக்ராஸ்கோப்பில் எடுத்தது. ஊசிகள். பிறகு அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற சோதனை முடிவையும் காட்டினாய்.

"அப்பா, இதுல ஆன்டிமனி இருக்குதுங்க."

"எப்படி இருக்கும்? நான் போடவே இல்லையே. புதுக் கட்டிதானே போட்டோம்?"

"அதேதான் நானும் யோசிச்சேன். போடாம எப்படிங்கப்பா வரும்?"

நாம் இருவரும் உலைக்குப் போனோம். நீ பானைக்குள் எட்டிப் பார்த்தாய். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உறைந்த உலோகம் இருந்தது. எப்போதும் இருக்கும். பானையை நான் ஒருபோதும் அடிவரை காலி செய்ததில்லை. கொஞ்சம் அடியில் விட்டுவைத்தால் அடுத்த நாள் அது முதலில் உருகி, மேலே போடும் கட்டிகளைச் சீக்கிரம் இளக்கிவிடும், கரி மிச்சம். எந்த வார்ப்பாலையிலும் செய்வதுதான். காலையில் தோசைமாவு கரைக்கும்போது முந்தின நாள் மாவில் ஒரு கரண்டி விடுவதுபோல அது. அதை யாரும் போட்ட கணக்கில் சேர்ப்பதில்லை, எடுத்த கணக்கிலும் சேர்ப்பதில்லை.

"அடியில இருக்கறதை நான் கேக்கவே இல்லீங்களே" என்றாய்.

"நானும் சொல்லலையே" என்றேன். அந்த உலோகம் எத்தனையோ வருஷத்து ஆன்டிமனியைத் தனக்குள் வைத்துக்கொண்டு அடியில் படுத்திருந்தது. நாம் இருவரும் மேலே போட்டதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பழைய பானையைக் கவிழ்த்துவிட்டுப் புதுப் பானை வைத்தோம். மேகம் இல்லாத ஒரு மத்தியானமாகப் பார்த்து உருக்கினோம். கம்பியைப் போட்டோம். வார்த்த துண்டைப் பிடிகருவியில் வைத்து நான் வளைத்தேன். ஒடியவில்லை. வளைந்தது. இன்னும் வளைத்தேன், வளைந்தது. நீ கைதட்டவில்லை, அதற்கு நன்றி. பஸ் நிறுத்தம்வரை இருவரும் நடந்தோம். அங்கேதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

பம்பு ஆலையிலும் பானையை அடிவரை காலி செய்வதில்லை. அது நான் சேர்வதற்கு முன்பே அங்கே இருந்த வழக்கம், அவன் சேர்வதற்கும் முன்பு. அப்படியானால் அந்த வார்ப்புகளைக் கெடுத்தது என் ஆன்டிமனியா, அவன் ஸ்ட்ரான்ஷியமா? தனியாக இருந்தால் இரண்டும் நல்லது. புதுக் கட்டிதான் போட்டேன் என்று அவன் சொன்னது நிஜம். என் உலோகம் நன்றாகத்தான் இருந்தது என்று நான் சொன்னதும் நிஜம். அப்படியென்றால் இரண்டு நிஜத்தையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இத்தனை வருஷம் ஒருவனைத் திட்டிக்கொண்டே எழுந்து, திட்டிக்கொண்டே பல் தேய்த்திருக்கிறேன். இப்போது காலையில் எழுந்தால் பல்லை மட்டும் தேய்க்க வேண்டியிருக்கிறது. கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அது அப்படியே இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தில் இருந்தவனிடம்தான் நீ போனில் இன்னொன்றைச் சொன்னாய். "கனகராஜ் சாருக்கு நீங்களே போயி பத்திரிகை வைக்கோணுமுங்கப்பா. நான் ஆபீஸ்ல மேசை மேல வெச்சுட்டு வந்தா அது அழைப்பு இல்லீங்க." முடியாது என்றேன். "அப்ப அவரு வர மாட்டாரு. அவரு வராத கல்யாணத்துல நான் சிரிச்சுட்டு நிக்க முடியாது. எனக்கு வேலை கத்துக்குடுத்தது ரெண்டு பேரு. அதுல ஒருத்தரு வாசல்லயே இல்லைன்னா எப்படிங்கப்பா?" என்றாய். நான் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, பத்திரிகையை அதன் மேல் வைத்து, இரண்டு கையாலும் நீட்டி, குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது அழைப்பில்லை. ஒரு சொல் குறைந்ததற்காகத் தலைமுறைக்கும் போக்குவரத்து இல்லாமல் போன வீடுகள் நம் உறவிலேயே இருக்கின்றன.

நேற்றுக் காலை உன் அம்மாவிடம் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்றேன். அவள் கேரட், பீன்ஸ், முள்ளங்கி என்று சொல்லிப் பையைக் கொடுத்தாள். பைக்குள் அவளுக்குத் தெரியாமல் ஒரு பத்திரிகையை வைத்துக்கொண்டேன். ஏன் தெரியாமல் என்று கேட்காதே. போய்விட்டு வாசலிலிருந்தே திரும்பிவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று இருக்கலாம். குன்னூரில் இறங்கி வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வாங்கினேன். தட்டு மறந்துபோனது. பாத்திரக் கடையில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு வாங்கினேன். ஆட்டோக்காரரிடம் வீட்டு அடையாளம் சொன்னதும், "அந்தக் கோயமுத்தூர்க்காரரு ஊடுங்களா?" என்று கேட்டார். என்னையும் இந்த மலையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கேட்டைத் திறந்தவன் கனகராஜேதான். காதுவரை குல்லா, கழுத்தில் மப்ளர். முடி இருக்கிறதா என்று தெரியவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு, "என்றா, இத்தனை நரைச்சுப் போச்சு?" என்றான்.

"உனக்குக் குல்லாதான் நரைக்கலை" என்றேன்.

"உள்ள வா. இந்தக் குளிர்ல எப்படிடா மனுசன் இருக்கறான்?"

"மேகத்துக்குள்ள அலுமினியம் உருக்கற மனுசன் இருக்கறானில்ல."

அவனுக்கு அது உறைத்தது. முகம் மாறியது. "அதை உங்கிட்ட எவன் வந்து சொன்னான்?" என்றான். அதற்குள் அவன் மனைவி வந்து, "வாங்கண்ணா, வாங்க. எத்தனை வருசம் ஆச்சுங்க! உக்காருங்க, காப்பி கொண்டாறேன்" என்று உள்ளே போனாள். நான் பையை நாற்காலிக்கு அருகில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பத்திரிகையை எடுக்கத்தான் குனிந்தேன். அப்போது அவன், "உன் புள்ள சொன்னா. புதுப் பானையில துண்டு வளைஞ்சுதாமே?" என்றான்.

"வளைஞ்சுது. பழைய பானையில ஒடிஞ்சுது. அதையும் சொன்னாளா?"

"சொன்னா. அடி உலோகம்." அவன் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தான். தலை வழுக்கை. "மூணு நாளு தூங்கலைடா நான். அன்னிக்கு அந்தப் பானை அடியை வழிச்சு எடுத்திருந்தா..."

"யாரு எடுத்திருக்கோணும்? உன் ஷிப்டு அது."

"உன் ஷிப்டு முடிஞ்சு எங்கிட்ட வந்த பானைடா அது! உள்ள ஆன்டிமனி கெடக்குதுன்னு நீதான் சொல்லியிருக்கோணும்."

"ரெண்டு வருசமா நான் ஆன்டிமனி போடறது உனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும்."

"கட்டிக்குப் போடறேன்னு தெரியும். அடியில தங்கும்னு நீ யோசிச்சியா?"

"நீ யோசிச்சியா?"

இருவரும் யோசிக்கவில்லை என்பது அந்த அறையில் வெளிச்சமாகத் தெரிந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? காப்பி வந்தது, ஆறியது. வாயு போக்குவதில் என் ஆட்கள் மேல் பழி போட்டதைக் கேட்டேன். "அது நான் சொன்னது தப்பில்லை. ஸ்ட்ரான்ஷியம் போட்ட உலோகத்துல துளை கூடத்தான் விழும். அப்ப எனக்கு அது தெரியாது, இப்பத் தெரியும். உன் ஆளுங்க எப்பவும்போலத்தான் செஞ்சிருக்காங்க, என் மருந்துக்கு அது பத்தலை" என்றான். இது மன்னிப்பா, இல்லை திரும்பவும் குற்றச்சாட்டா என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை. பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "நெசமாக் கேக்கறேன். இந்த ஈரத்துல எப்படிடா துளை இல்லாம வாக்கறே? எங்ககிட்ட இருக்கற மிசினு எதுவும் உங்கிட்ட இல்லையே?" என்று கேட்டான். நான் சொன்னேன். கட்டிகளை உலை விளிம்பில் அடுக்கி முதலில் காய வைப்பது, கரண்டியைச் சூடாக்காமல் உலோகத்தைத் தொடாதது, மேகம் கதவுக்கு வந்தால் ஊற்றாமல் நிறுத்திவிடுவது, தேவைக்கு மேல் சூடு ஏற்றாதது. அவன் குறுக்கே குறுக்கே கேட்டான். காகிதம் எடுத்து வரைந்தான். உலோகத்தில் இரும்பு கூடினால் அதை அடக்க மாங்கனீஸ் எவ்வளவு போடுகிறாய் என்றான். நான் சொன்ன அளவு அதிகம் என்றான். இல்லை என்றேன். அவன் மனைவி சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே மாங்கனீஸ் சண்டை நடந்தது. "கல்லூரி அறையிலயும் இதே சத்தம்தான் போல" என்று அந்த அம்மா சொன்னாள். மழை கட்டியது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று எழுந்தேன். பஸ் நிலையம்வரை தன் காரில் கொண்டுவந்து விட்டான். காரிலும் மருந்துப் பேச்சுதான், அங்கே டைட்டானியம். இறங்கும்போது, "உன் மாங்கனீஸ் அளவு தப்பு" என்றான். "போடா" என்றேன்.

கட்டபெட்டில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா பையை வாங்கித் தரையில் கவிழ்த்தாள். கேரட் இல்லை, பீன்ஸ் இல்லை. வெற்றிலையும் பழமும் புதுத் தட்டும் உன் கல்யாணப் பத்திரிகையும் விழுந்தன. அவள் பத்திரிகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்கீங்க போனீங்க?"

சொன்னேன்.

"சாப்டீங்களா அங்க?"

"சாப்பிட்டேன்."

"எத்தனை நேரம் இருந்தீங்க?"

"சாயங்காலம்வரைக்கும்."

"பத்திரிகை வைக்கலையா?"

நான் புதுத் தட்டைப் பொறுக்கிப் பழத்தை அதில் வைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத் தெரிந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. நானும் சிரித்திருக்கலாம். ஆனால் சிரிக்க முடியவில்லை. யோசித்துப் பார். இத்தனை வருஷம் கழித்து ஒருவன் வீட்டுக்குப் போய், அவன் சோற்றைத் தின்று, அவனோடு சண்டை போட்டு, அவன் காரில் வந்து இறங்கிவிட்டு, மகள் கல்யாணத்துக்கு வா என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல் வந்திருக்கிறேன். அழைக்கத்தான் வந்தேன், மறந்துவிட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கல்யாணம் இருக்கிறது என்று தெரிந்தே, வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை என்றுதான் அவன் நினைப்பான். நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். என்னைப் பற்றி அவன் தப்பாக நினைத்துவிடுவானோ என்று ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டேன் அம்மிணி. அவன் என்னைப் பற்றி என்ன நினைத்தால் எனக்கென்ன என்றுதானே இத்தனை நாள் இருந்தேன்? இது எப்போது மாறியது என்று எனக்கே புரியவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பிள்ளைக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு ஒன்றுதான் தெரியும். நீயும் அவரும் நல்லவர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உன் பழக்கமும் நல்லது, அவர் பழக்கமும் நல்லது. நல்லது இரண்டு சேர்ந்தால் நல்லதாகவே முடியும் என்று மட்டும் நம்பிவிடாதே. ஏதாவது ஒடிந்தால், மேலே யார் எதைப் போட்டார்கள் என்று பார்ப்பதற்கு முன், அடியில் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்று கேள். கேட்டால் சொல். கேட்காவிட்டாலும் சொல். இதை நான் செய்துகாட்டியதில்லை, அதனால் இதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது உன் இஷ்டம். உன் கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை. தப்பு யாருடையது என்று நேற்று ஒரு பகல் முழுக்க இருவரும் தேடினோம். பாதியில் மாங்கனீஸுக்குப் போய்விட்டோம்.

வருகிற சனிக்கிழமை அவன் திரும்பவும் குன்னூர் வருவான். நானும் உன் அம்மாவும் போகிறோம். இந்த முறை கேட்டிலேயே தட்டை நீட்டிவிடப் போகிறேன், உட்காருவதற்கு முன். அதுவரை ஆலையில் அவன் உன்னைக் கூப்பிட்டு, "உங்கப்பன் எதுக்கும்மா வந்தான்?" என்று கேட்பான். கட்டாயம் கேட்பான், அவன் குணம் எனக்குத் தெரியும். நீ தெரியாது என்று சொல்லிவிடு. எனக்காகப் பரிந்து பேசாதே, பத்திரிகை வைக்கத்தான் வந்தார், மறந்துவிட்டார் என்று சமாதானம் சொல்லாதே. நாலு நாள் என்னைத் திட்டிக்கொண்டு இருக்கட்டும், பரவாயில்லை. அந்தச் சொல்லை அவன் என் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும்.

அப்பா